சிப்பிப்பாறை: வீட்டுக்குள் சொன்ன பேச்சு கேட்கிறான், வாசலைத் தாண்டினால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை

திருமங்கலத்தான் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு சிப்பிப்பாறை நாய் இருக்கிறான். ஆண், எட்டு மாதம், பெயர் செவலை. கோவில்பட்டிப் பக்கம் தெரிந்தவர் வீட்டில் ஈன்ற குட்டி. தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று. நன்றாகச் சாப்பிடுகிறான், வீட்டுக்குள் அசிங்கம் செய்வதில்லை, பிள்ளைகளிடம் உயிராக இருக்கிறான்.

பிரச்சினை வெளியேதான். வீட்டுக்குள் 'வா' என்றால் வருவான். மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாலும் டப்பா திறக்கிற சத்தம் கேட்டால் இறங்கிவிடுவான். ஆனால் காலையில் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தரிசில் அவிழ்த்துவிட்டால் நான் யாரோ, அவன் யாரோ. தூரத்தில் ஆடோ மயிலோ அசைந்தால் போதும். காது விடைக்கும், முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி ஒரு நொடி நிற்பான், அடுத்த நொடி ஆளே இல்லை. தொண்டை வற்றக் கத்தினாலும் திரும்ப மாட்டான். அவனாகக் களைத்து வந்தால்தான் உண்டு. போன வாரம் ஆட்டுக்காரர் வீட்டு வாசலுக்கே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, சினையாடு பயந்து ஓடியதுதான் அவருக்குக் கோபம். கோபம் நியாயம்தான்.

இன்னொன்று, அம்மா மேல் பாய்கிறான். கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினால் இரண்டு காலையும் தூக்கி அம்மா நெஞ்சில் வைத்துவிடுகிறான். பாசம்தான். ஆனால் அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது, மூட்டு வலி வேறு. விழுந்தால் என்ன ஆவது?

பக்கத்து வீட்டு மாமா, 'ஒரு நாள் பட்டினி போடு, ஓடிப்போய்த் திரும்பி வந்ததும் நாலு சாத்து சாத்து, சரியாகிவிடும்' என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பயிற்சிக்கு என்று வெளியே கொண்டுபோய் விடவும் விருப்பம் இல்லை. வீட்டிலேயே நாங்களே சொல்லிக்கொடுக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது? பிள்ளைகள் தனியாக ஒரு கோரிக்கை வைத்திருக்கிறார்கள்: கை கொடுக்கவும், காலையில் வாசலில் விழும் பேப்பரை எடுத்து வரவும் பழக்க வேண்டுமாம்.


கரிசல்காட்டான்:

எங்கள் வீட்டில் தாத்தா காலத்தில் இருந்து சிப்பிப்பாறையும் கன்னி இன நாயும் உண்டு, அந்த உரிமையில் சொல்கிறேன். உங்கள் செவலை சொல்பேச்சு கேட்காதவன் இல்லை. முயல் விரட்டுவதற்கு என்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்த இனம் இது. மோப்பத்தைவிடக் கண்தான் இதற்கு முதல் ஆயுதம். முயல் கிளம்பினால் மனுசன் பின்னாலேயே ஓடி 'இப்படிப் போ, அப்படிப் போ' என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதுவே பார்த்து அதுவே முடிவெடுத்து ஓடுகிற நாயைத்தான் நம் ஆட்கள் விரும்பி வளர்த்தார்கள். அந்தக் குணம் ரத்தத்தில் இருக்கிறது.

ஆகவே பயிற்சி ஒருபக்கம் நடக்கட்டும், அதுவரை தரிசில் அவிழ்த்துவிடுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு தடவை அவன் ஓடித் திரும்பும்போதும் 'கூப்பிட்டால் காதில் வாங்க வேண்டியதில்லை' என்று ஒரு பாடம் படித்துவிட்டு வருகிறான். ஆட்டுக்காரர் வந்து சத்தம் போட்டதோடு போயிற்று. மயிலையோ முயலையோ கவ்விக்கொண்டு வந்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வனத்துறை கேட்கும்.

அப்புறம், இந்த இனத்துக்குக் கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே பருமன். சாதாரண பெல்ட்டைப் பின்பக்கமாக ஓர் இழுப்பு இழுத்தால் உருவிக்கொண்டு போய்விடும். அகலமான தோல் பெல்ட் வாங்குங்கள். பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற இறுக்கம் போதும்.

மாமா சொன்ன வைத்தியம் வேண்டவே வேண்டாம். சிப்பிப்பாறை அடியை மறக்காது. ஒருமுறை கை ஓங்கினால் அப்புறம் கை எட்டுகிற தூரத்துக்கு வராமல் சுற்றிச் சுற்றி நிற்கும். அதைப் பிடிப்பதற்கே நாலு ஆள் வேண்டும்.


மலைக்கோட்டை:

தம்பி, நான் காவல்துறை மோப்ப நாய்ப் பிரிவில் கையாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது திருச்சியில் அக்கம்பக்கத்து வீட்டு நாய்களோடு பொழுது போகிறது. கரிசல்காட்டான் சொன்னது முழுக்கச் சரி. நான் 'எப்படி' என்பதைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

வெடிகுண்டு தேடும் நாயைப் பார்த்திருப்பீர்கள். ரயில் நிலையத்தில் நூறு பெட்டிக்கு நடுவே ஒன்றை மோந்துவிட்டு அதன் பக்கத்தில் சத்தம் போடாமல் உட்காரும். குரைக்கக் கூடாது, பிறாண்டக் கூடாது, ஏனென்றால் உள்ளே இருப்பது வெடிக்கக்கூடிய பொருள். இவ்வளவு கட்டுப்பாடு எப்படி வந்தது என்று பலர் என்னிடம் கேட்பார்கள். பயத்தில் என்று நினைத்துக்கொள்வார்கள். இல்லை. அது உட்கார்ந்த மறுகணம் ஒரு பந்தோ சுருட்டிய துண்டோ அதற்குக் கிடைக்கும். கிடைத்ததும் கையாளுநர் அதோடு இழுத்து விளையாடுவார். நாயைப் பொறுத்தவரை அது வெடிகுண்டு தேடவில்லை, பந்தைத் தேடுகிறது. ஒரு செயலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை வைத்துத்தான் நாய் அதை மறுபடி செய்யலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும். என் வேலைக்காலம் முழுக்க நான் பார்த்தது இதைத்தான்.

இதை வைத்து உங்கள் தரிசைப் பாருங்கள். செவலை உங்களிடம் வந்தால் என்ன நடக்கிறது? சங்கிலி மாட்டுகிறீர்கள், வீட்டுக்கு இழுத்துப் போகிறீர்கள், விளையாட்டு முடிந்துபோகிறது. வராமல் ஓடினால்? ஆடு ஓடுகிறது, மயில் பறக்கிறது, காற்று முகத்தில் அடிக்கிறது. எந்தப் பக்கம் லாபம் என்று எட்டு மாதக் குட்டிக்குக் கணக்குத் தெரியாதா? மாமா சொன்னபடி திரும்பி வந்ததும் அடித்தால் நிலைமை இன்னும் மோசம். அவன் அரை மணி நேரத்துக்கு முன்னால் ஓடியதற்கு அடி என்று அவனுக்குப் புரியவே புரியாது. கடைசியாகச் செய்தது எதுவோ அதற்குத்தான் அடி விழுந்ததாக எடுத்துக்கொள்வான். கடைசியாக அவன் செய்தது உங்களிடம் வந்தது.

இன்னொரு விஷயமும் புரிய வேண்டும். ஹாலில் 'வா' கற்றுக்கொண்ட நாய்க்குத் தரிசில் 'வா' தெரியும் என்று நாம் நினைக்கிறோம். நாய் அப்படிப் படிப்பதில்லை. ஹாலில் படித்தது ஹாலுக்கு மட்டும். இடம் மாறினால், வாசம் மாறினால், நீங்கள் நிற்கிற விதம் மாறினால்கூடப் பாதி பாடம் புதிதாகத் தொடங்க வேண்டும். அதோடு எட்டு மாதம் என்பது விடலைப் பருவம். படித்ததையே மறந்தது மாதிரி நடக்கிற வயது. அதற்காகக் கை விட வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். 'வா' என்ற சொல்லை அவன் விஷயத்தில் கைவிட்டுவிடுங்கள். கூப்பிடக் கூப்பிட ஓடி ஓடி அது செல்லாத நோட்டு ஆகிவிட்டது. புதிதாக ஒன்று எடுங்கள். 'ஓடியா' என்று வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் ஒரு விசில். திறந்த வெளிக்கு விசில் நல்லது. காற்றில் தூரம் போகும், உங்கள் கோபமோ பதற்றமோ அதில் ஏறாது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே விசில், ஒரே மாதிரி ஊத வேண்டும்: இரண்டு சின்ன ஊது. பிள்ளைகள் விளையாட்டுக்கு ஊதக் கூடாது.

முதல் சில நாள் அவனிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். அவன் பக்கத்தில் நிற்கும்போதே விசில் ஊதி, உடனே வாயில் ஒரு துண்டு ஈரல். ஊது, ஈரல். அவ்வளவுதான். பயிற்சி வகுப்பில் எங்களுக்கு முதல் பாடமே பாவ்லோவ்தான். செரிமானத்தை ஆராய்ந்து 1904இல் நோபல் பரிசு வாங்கிய ரஷ்ய விஞ்ஞானி. சாப்பாடு வருவதற்கு முன் கேட்கிற சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று காட்டியவர். அந்த எச்சில் ஊறுகிற நிலை செவலைக்கு வர வேண்டும். விசில் கேட்டதும் தலை வெடுக்கென்று உங்கள் பக்கம் திரும்புகிறதா? அடுத்த படிக்குப் போகலாம்.

அடுத்து ஹாலில் நீங்கள் ஒரு மூலை, வீட்டில் இன்னொருவர் எதிர் மூலை. மாற்றி மாற்றி ஊதுங்கள், வந்ததும் கொடுங்கள். அப்புறம் ஒருவர் அடுக்களை, ஒருவர் மாடிப்படி. அப்புறம் மொட்டை மாடி, ஆனால் கைப்பிடிச் சுவர் நெஞ்சு உயரத்துக்குக் குறைவு என்றால் வேண்டாம். இந்த இனம் நின்ற இடத்தில் இருந்து எவ்வளவு தாவும் என்று வளர்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவன் வந்ததும் நீங்கள் செய்கிற காரியத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதை நின்று சொல்ல வேண்டும். ஈரலை நீட்டி அவனைத் தொலைவிலேயே நிறுத்திவிடாதீர்கள். உங்கள் இரண்டு முழங்காலுக்கும் நடுவே, தொடையை ஒட்டி வைத்துக் கொடுங்கள். அவன் முகம் உங்கள் காலுக்குள் வரும். தின்னும்போது இன்னொரு கை மெதுவாகத் தாடைக்குக் கீழே போய் பெல்ட்டைப் பிடிக்கட்டும். தலைக்கு மேலே இருந்து கை வந்தால் பல நாய்கள் பின்வாங்கும், கீழே இருந்து வந்தால் பயப்படாது. பெல்ட்டைப் பிடித்தபடி இன்னொரு துண்டு. பிடியை விட்டு, 'போ' என்று அனுப்பிவிடுங்கள். இதுதான் முக்கியம்: அனுப்பிவிடுங்கள். பத்துக்கு ஒன்பது தடவை வந்து, தின்று, மறுபடி விளையாடப் போக வேண்டும். வந்தால் விளையாட்டு முடியாது என்று தெரிந்த நாய்தான் தயங்காமல் வரும்.

இதெல்லாம் உறுதியான பிறகு தரிசு. முப்பது அடிக்குக் குறையாத பருத்திக் கயிறு வாங்குங்கள். நைலான் வேண்டாம், அவன் பாய்ந்தால் உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். கயிற்றைக் கழுத்தில் கட்டாதீர்கள். முழு வேகத்தில் ஓடி கயிற்றின் முனையில் வெட்டி நின்றால் கழுத்தெலும்பு தாங்காது. மார்போடு மாட்டுகிற ஹார்னஸ் கிடைக்கிறது, அதில் கட்டுங்கள். கயிறு அவனை இழுத்து வருவதற்கு இல்லை, ஆட்டுக்குப் பின்னால் ஓடுகிற லாபம் அவனுக்குக் கிடைக்காமல் இருக்கத்தான்.

தரிசில் ஆடு இல்லாத நேரமாகப் பார்த்து ஆரம்பியுங்கள். அவன் புல்லை மோந்துகொண்டிருக்கும்போது ஊதுங்கள். வந்தால் வீட்டில் கொடுத்ததைவிட நல்ல தீனி கொடுங்கள். வரவில்லையா? மறுபடி மறுபடி ஊதாதீர்கள். அவனுக்கு எதிர்ப்பக்கம் திரும்பி ஓடுங்கள். ஓடுகிற எதையும் துரத்துகிற இனம் அல்லவா, உங்களையும் துரத்திக்கொண்டு வரும். அவனைத் துரத்தி மட்டும் ஓடிவிடாதீர்கள், அந்த ஓட்டத்தில் ஜெயிப்பது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

நீங்கள் எழுதியிருந்தீர்களே, காது விடைத்து ஒரு காலைத் தூக்கி ஒரு நொடி நிற்கிறான் என்று. அதைக் கவனித்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். அந்த ஒரு நொடிதான் உங்களுக்குக் கிடைக்கிற நேரம். கண் ஆட்டின் மேல் நின்று, கால் இன்னும் கிளம்பாத அந்தக் கணத்தில் ஊத வேண்டும். கால் கிளம்பிய பிறகு ஊதினால் விசில்தான் கெடும். அதற்குப் பதில் பேசாமல் கயிற்றைப் பிடித்து நிறுத்தி, கை மாற்றிக் கை அவனிடம் போங்கள். திட்ட வேண்டாம். ஆட்டுக்கும் உங்களுக்கும் தூரம் போதவில்லை என்று அர்த்தம். நாளைக்கு இன்னும் தள்ளி நின்று ஆரம்பியுங்கள்.

எப்போது, எவ்வளவு நேரம்? ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம். நாளைக்கு மூன்று நாலு தடவை. சாப்பாட்டுக்கு முன். பட்டினி போட வேண்டியதே இல்லை, பசி எடுக்கிற நேரமாகப் பார்த்தால் போதும். சோர்ந்து கொட்டாவி விட ஆரம்பித்தால், தரையை மோந்துகொண்டு உங்களைப் பார்க்காமல் இருந்தால், நிறுத்திவிடுங்கள். உங்கள் ஊர் வெயிலுக்கு விடிகாலையும் பொழுது சாய்ந்த பிறகும்தான். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை ஐந்து நொடி வைக்க முடியவில்லை என்றால் அவன் பாதமும் தாங்காது.


திருமங்கலத்தான்:

ஐயா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு மிக்க நன்றி. கரிசல்காட்டான் அண்ணனுக்கும் நன்றி. தரிசில் அவிழ்ப்பதை நிறுத்திவிட்டேன். விசில் வாங்கி வந்தாயிற்று. மனைவியும் நானும் ஹாலில் ஆரம்பித்துவிட்டோம். தலை வெடுக்கென்று திரும்புகிறது, பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

இரண்டு சந்தேகம். ஈரல் தினமும் கொடுக்கலாமா? வீட்டில் கறிக்குழம்பு வைக்கும் நாளில் அதில் இருந்து துண்டு எடுத்துக் கொடுத்தால் ஆகாதா? இன்னொன்று, அம்மா விஷயம். 'சீ, போ' என்று அம்மா இரண்டு கையாலும் தள்ளத் தள்ள இன்னும் அதிகமாகப் பாய்கிறான். 'உட்கார்' சொல்லிக்கொடுத்தால் நிற்குமா? உட்கார் என்றால் பாதி உட்கார்ந்து உடனே எழுந்துவிடுகிறான்.


நொய்யல்கரை:

சகோதரரே, நான் கோவையில் இருந்து எழுதுகிறேன். எங்களிடம் இருப்பது ராஜபாளையம், வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, பிறவியிலேயே காது கேட்காது. முழு வெள்ளை நாய்களில் இந்தக் குறை அதிகம் வரும். அதனால் எல்லாமே கைச் சைகையில்தான் பழக்கினோம். உங்கள் அம்மா விஷயத்துக்கு என்னால் உதவ முடியும், ஏனென்றால் எங்கள் பெண் நாயும் ஆரம்பத்தில் என் மாமியார் மேல் இப்படித்தான் பாய்வாள்.

தீனியை முதலில் சொல்லிவிடுகிறேன். கறிக்குழம்பில் இருந்து எடுக்கவே கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வதங்கிக் கரைந்திருந்தாலும் அதே கதைதான். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கம் இவையும் விஷம். பண்டிகை நாளில் பாயசத்தில் திராட்சை இருக்கும், பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். வேகவைத்த எலும்பும் வேண்டாம், கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். பயிற்சிக்குக் கோழி ஈரலை உப்பில்லாமல் வேகவைத்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டி, தண்ணீர் வற்றும்வரை தோசைக்கல்லில் புரட்டி வையுங்கள். பிசுபிசுக்காது, பையில் போட்டுக்கொள்ளலாம். தினமும் ஈரலே கொடுத்தால் வைட்டமின் ஏ அளவு மீறும். அதனால் ஒருநாள் ஈரல், ஒருநாள் அவித்த முட்டை, ஒருநாள் பன்னீர், ஒருநாள் வெறும் கோழிக்கறி என்று மாற்றுங்கள். கொடுத்த அளவை ராத்திரி சாப்பாட்டில் குறைத்துவிடுங்கள்.

பாய்வதைப் பற்றி. அம்மா தள்ளுவது அவனுக்கு விளையாட்டு. தொடுகிறார், பேசுகிறார், முகத்தைப் பார்க்கிறார், அவன் கேட்டதெல்லாம் கிடைத்துவிடுகிறது. நாலு காலும் தரையில் இருந்தால் மட்டும் கிடைக்கும், இல்லையென்றால் எதுவும் இல்லை என்று ஆக்க வேண்டும். ஆனால் அறுபத்தைந்து வயது அம்மாவை வைத்து அவனுக்குப் பாடம் எடுக்காதீர்கள். முதலில் நீங்கள், அப்புறம் மனைவி, அப்புறம் பிள்ளைகள், கடைசியில் அம்மா.

நீங்கள் வெளியே போய்விட்டு உள்ளே வரும்போது, அவன் பாய்வதற்கு முன்பே நாலைந்து ஈரல் துண்டைத் தரையில் சிதற விடுங்கள். தலை கீழே போகும். பொறுக்கித் தின்று நிமிர்வதற்குள் குனிந்து மார்பைத் தடவிக் கொடுங்கள். மறுபடி காலைத் தூக்கினால் ஒன்றும் பேசாமல் முதுகைக் காட்டித் திரும்பிவிடுங்கள். கால் தரைக்கு வந்ததும் திரும்புங்கள். இடையில் ஒரு கட்டம் வரும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இவ்வளவு நாள் பலித்தது இப்போது பலிக்கவில்லை என்பதால் அவன் முன்னைவிட உயரமாகவும் வேகமாகவும் பாய்ந்து பார்ப்பான். மோசமாகிவிட்டது என்று நினைத்து யாராவது அந்த நேரத்தில் தள்ளிவிட்டால் 'ஓ, இவ்வளவு உயரம் பாய வேண்டும் போல' என்று அதைப் பிடித்துக்கொள்வான். வீட்டில் எல்லோரும் ஒன்றாகத் தாங்க வேண்டும். பிள்ளைகளுக்கு அவன் பாய்வது பிடிக்கும், அங்கேதான் கெட்டுப்போகும். அவர்களை உட்காரவைத்துப் பேசுங்கள்.

அதுவரை அம்மா வரும் நேரத்தில் அவனைக் கட்டி வையுங்கள், அல்லது கதவுக்குக் குறுக்கே ஒரு தடுப்பு வையுங்கள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவனைக் கொண்டுவந்தால் பாய்வதற்கு உயரமே இல்லை. உட்கார்ந்தபடி அம்மா கையில் இருந்தே அவனுக்குத் துண்டு கிடைக்கட்டும்.

உட்கார்வது பற்றி ஒரு வார்த்தை. சிப்பிப்பாறை மாதிரி ஒல்லியான, பின்தொடை இறுகிய நாய்களுக்கு வெறும் சிமெண்ட் தரையில் உட்கார்வது சுகமாக இருக்காது. பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். மடித்த சாக்கு ஒன்றை விரித்து, அதன்மேல் போய்ப் படுப்பதைச் சொல்லிக்கொடுங்கள். முதலில் சாக்கில் ஒரு கால் பட்டாலே துண்டு, அப்புறம் நாலு காலும் வந்தால், அப்புறம் படுத்தால். மூக்குக்கு நேரே துண்டைக் காட்டி முன்னங்காலுக்கு நடுவே மெதுவாகத் தரைக்கு இறக்கினால் தானாகப் படுப்பான். முதுகை அமுக்கிப் படுக்கவைக்காதீர்கள். வாசல் மணி அடித்தால் சாக்குக்குப் போவது என்று பழகிவிட்டால் அம்மா பிரச்சினை அதோடு தீர்ந்தது. எங்கள் வீட்டில் மணிக்குப் பதில் லைட்டை இரண்டு தடவை அணைத்துப் போடுவோம், அவள் போய்ப் படுத்துவிடுவாள். மாமியார் இப்போது தைரியமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டுகிறார்.

பிள்ளைகளுக்கு: கை கொடுக்கப் பழக்குவது சுலபம், அவர்களே செய்யலாம். மூடிய கைக்குள் ஒரு துண்டை வைத்து அவன் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே நீட்டச் சொல்லுங்கள். மோப்பான், நக்குவான், மூக்கால் முட்டுவான். கை திறக்கக் கூடாது. கொஞ்சநேரத்தில் பொறுமை போய் முன்னங்காலால் தட்டுவான். தட்டிய அந்த நொடியே 'சபாஷ்', கை திறக்க வேண்டும். அடுத்தடுத்துத் தட்ட ஆரம்பித்ததும் வெறுங்கையை விரித்து நீட்டி, அவன் கால் வைத்ததும் மற்றக் கையில் இருந்து கொடுக்கட்டும். கடைசியில்தான் 'கை கொடு' என்ற சொல். செய்யத் தெரிந்த பிறகு பெயர் வைத்தால் குழம்பாது. 'சபாஷ்' தாமதமாகக் கூடாது. காலை இறக்கிய பிறகு சொன்னால், இறக்கியதற்குத்தான் சபாஷ் என்று எடுத்துக்கொள்வான்.


மலைக்கோட்டை:

நொய்யல்கரை அம்மா அருமையாகச் சொல்லிவிட்டார். பேப்பர் விஷயம் பாக்கி இருக்கிறது, அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

எல்லோரும் பேப்பரை எறிந்து 'எடு, எடு' என்பார்கள். நாய் எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் நார் நாராகக் கிழிக்கும். கடைசியில் நடக்க வேண்டியதை முதலில் சொல்லிக்கொடுங்கள், அதாவது கையில் கொடுப்பது. பழைய காலுறையில் துணியைத் திணித்து உருட்டி அவன் வாய்க்கு முன்னால் நீட்டுங்கள். பல் பட்டதும் 'சபாஷ்', துண்டு. துண்டை வாங்க வாயைத் திறப்பான், உருளை உங்கள் கையில் விழும். விழும் நேரத்துக்குச் சரியாக 'கொடு' என்று சொல்லிப் பழக்குங்கள். நீங்கள் பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் இழுவை விளையாட்டு ஆகிவிடும். வாங்கிக்கொண்ட உருளையை உடனே திருப்பிக் கொடுங்கள். கொடுத்தால் போய்விடாது, திரும்ப வரும் என்று தெரிந்தால் ஒளித்துவைக்க மாட்டான்.

அப்புறம் உருளை உங்கள் காலடியில். அப்புறம் ஓரடி தள்ளி, ஹால் நடுவில், கதவருகே, கடைசியில் வாசல். தூரம் கூடக் கூட அவன் திரும்பி வருகிற வழி அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த வழியாகவே இருக்கும், அதுதான் இதில் வசதி. காலுறையில் சரியாக வந்த பிறகு காலுறைக்குள் பேப்பரை வையுங்கள், அதன்பின் வெறும் பேப்பர். ரப்பர் பேண்டை முதலில் கழற்றிவிடுங்கள், விழுங்கிவிடுவான். வாசல் கேட் மூடியிருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

பிள்ளைகளுக்கு இன்னொன்று சொல்லுங்கள். அமெரிக்காவில் சேசர் என்று ஒரு பார்டர் கோலி நாய். ஓய்வு பெற்ற உளவியல் பேராசிரியர் ஜான் பில்லி அதற்கு 1022 பொம்மைகளின் பெயரைச் சொல்லிக்கொடுத்தார். 2011இல் ஆய்வுக் கட்டுரையாகவே வந்தது. ஒவ்வொரு பொம்மைக்கும் தனிப் பெயர், பெயரைச் சொன்னால் அதை மட்டும் எடுத்து வரும். மூன்று வருட வேலை அது. உங்கள் பிள்ளைகள் இரண்டு பொம்மையோடு ஆரம்பிக்கட்டும். பந்து ஒன்று, கயிறு ஒன்று. ஒன்றை நன்றாகப் பழக்கிய பிறகுதான் அடுத்தது.


திருமங்கலத்தான்:

பெரியவள் ஏற்கெனவே காலுறை உருளை தைத்துவிட்டாள். சாக்கும் விரித்தாயிற்று. நேற்று அம்மா வந்தபோது தரையில் துண்டு சிதறவிட்டேன், பொறுக்கி முடிப்பதற்குள் அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா முகத்தில் பயம் இல்லை.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன் ஐயா. கயிற்றோடு தரிசில் விசிலுக்கு ஒழுங்காக வர ஆரம்பித்துவிட்டால், எப்போது கயிற்றைக் கழற்றலாம்?


மலைக்கோட்டை:

வேலி இல்லாத இடத்தில் கழற்றவே வேண்டாம் தம்பி. இது என் கருத்து, இதில் நான் உறுதியாக இருக்கிறேன். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை விசிலுக்குத் திரும்புகிற சிப்பிப்பாறை நல்ல பயிற்சி பெற்ற நாய். மீதிப் பத்தில் ஒரு தடவை முயல் குறுக்கே ஓடி, அதன் பின்னாலேயே அவன் நாலுவழிச் சாலையில் ஏறினால் எல்லாம் முடிந்தது. உங்கள் ஊரில் அந்தச் சாலை எவ்வளவு பக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் அவன் ஓட வேண்டும். ஓடாத சிப்பிப்பாறை வீட்டுக்குள் எதையாவது கடித்துக் குதறும், பயிற்சியிலும் மனசு நிற்காது. சுற்றுச்சுவர் உள்ள இடம் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். விடுமுறை நாளில் பள்ளி மைதானம், அறுவடை முடிந்து கம்பிவேலி போட்ட தோப்பு, தெரிந்தவர் செங்கல் சூளை வளாகம், எதுவானாலும் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். முதலில் நீங்கள் தனியாகப் போய்ச் சுவரைச் சுற்றி நடந்து பாருங்கள். அவன் தலை நுழைகிற சந்து இருந்தால் உடம்பும் நுழையும். ஆறடிக்குக் குறைந்த சுவர் என்றால் ஓரத்தில் மணல் குவியலோ கல்லடுக்கோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் ஏறித் தாவிவிடுவான். உள்ளே விட்டதும் கேட்டுக்குத் தாழ்ப்பாள் போட்டு, கயிற்றை உடனே கழற்றாமல் அவனோடே இழுபட விடுங்கள். சில தடவை ஊதி, அவன் வருகிறானா என்று பார்த்த பிறகு கழற்றுங்கள். விசில் கழுத்திலேயே தொங்கட்டும், பையில் ஈரல் இருக்கட்டும். அங்கேயும் பத்துக்கு ஒன்பது தடவை வந்ததும் மறுபடி ஓட அனுப்பிவிடுங்கள்.